தோலையும் கூட்டிட்டுப் போடே!

ஏ பேராண்டி, ஆபீஸ் வேலையா டோக்கியோவுக்குப் போறியாம். லீவு நாள்ல சும்மா கெடக்காம, டொயோசுங்கிற எடத்துல ‘டீம்லேப் பிளானட்ஸ்’னு ஒரு கண்காட்சிக்கு இப்பவே டிக்கெட்டும் போட்டு வச்சிருக்கியாம். உங்க அம்மா பெருமையாச் சொன்னா. 2018-ல தொறந்த எடமாமே. நுழையும்போதே செருப்பைக் கழட்டச் சொல்லிருவாகளாம். கால்சட்டையைச் சுருட்டிக்கிட்டு, முழங்கால் தண்ணியில எறங்கி நடக்கணுமாம். தண்ணி மேல வெளிச்சத்துலயே வரைஞ்ச மீனு நீந்துமாம். உன் கால்ல பட்டுச்சுன்னா பூவாச் செதறிருமாம்.

நாத்து நட்டு, கம்மாயில குளிச்சு, என் ஆயுசுல பாதி முழங்கால் தண்ணியிலதான் போச்சு. ஒருத்தனும் டிக்கெட் கேக்கல. உங்க அப்பனை வயல்ல எறங்குடான்னா, சேறு ஒட்டும்னு வரப்புலயே நின்னான். நீ காசு குடுத்து எறங்கப் போற. மூணு தலைமுறையில தண்ணிக்கு வந்த மருவாதையைப் பாத்தியா!

கிண்டல் முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சிராத, இன்னும் நெறைய இருக்கு. ஆனா இது அதைச் செஞ்சவுக மேல இல்ல, போற உன் மேலதான். உன் தங்கச்சி ஓவியக் கல்லூரியில படிக்காள்ல, அவ லீவுக்கு வந்தா எனக்கு வெத்தலை இடிச்சுக் குடுப்பா. அதுக்குக் கூலி, அவ படிச்சதையெல்லாம் நான் உக்காந்து கேக்கணும். அப்படிக் கேட்டுக் கேட்டு, பல்லில்லாத வாயிக்கு வெத்தலையும் மண்டைக்குக் கொஞ்சம் வெவரமும் சேந்துச்சு. பெருசு உளறுதுன்னு தள்ளிராமக் கேளு.

முதல் புத்திமதி. உள்ள நுழைஞ்ச உடனே போனை எடு. மீனைப் புடி, பூவைப் புடி, உன் மூஞ்சியையும் சேத்துப் புடி. தண்ணி குளுந்துச்சா, வெதுவெதுன்னு இருந்துச்சான்னு யாராவது கேட்டா போனைத் தேச்சுப் பாத்துச் சொல்லிக்கலாம். பந்தியில உக்காந்து, வச்ச இலையைப் படம் புடிச்சுட்டு, சாப்பிடாம ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சு வர்றவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் எனக்குச் சொல்லிரு.

படம் புடிக்கிற ஆசை எங்க கொண்டுபோயி விடும்னு கேளு. யாயோய் குசாமான்னு ஒரு ஜப்பான் அம்மா. 1965-ல நியூயார்க்ல சுவரெல்லாம் கண்ணாடி வச்சு ஒரு அறை செஞ்சாக. உள்ள நின்னா உன் உடம்பு எங்க முடியுது, அறை எங்க தொடங்குதுன்னு புடிபடாது. நல்லா யோசிச்சுச் செஞ்ச வேலை. அந்த வகை அறைகளை 2017-ல வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் மியூசியத்துல வச்சாக. கூட்டம் தாங்கல. அறைக்கு அரை நிமிஷம்தான், பாத்ததும் வெளிய வந்துரணும்னு கணக்குப் போட்டு விட்டாக. எல்லையில்லாத வெளிக்கு அரை நிமிஷம்! தொறந்த கொஞ்ச நாள்லயே, அறைக்குள்ள வச்சிருந்த புள்ளி போட்ட பூசணிக்காய்ல ஒன்னு ஒடைஞ்சு போச்சு. தன்னையே படம் புடிக்கப் போயிக் கால் தடுமாறுனதுதான் காரணம்னு பத்திரிகைக்காரக எழுதினாக. நம்ம ஊர்ல திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் ஒடைப்போம். அங்க திருஷ்டியே நேர்ல வந்து ஒடைச்சுட்டுப் போயிருக்கு.

இனி வெவரத்துக்கு வாரேன். பாக்குறவன் தொடணும், உள்ள போகணும், உடம்பைக் குடுக்கணும்ங்கிற இந்த வித்தையில பெரிய கை யாருன்னு கேட்டா, பேத்தி பிரேசிலைத்தான் காட்டுதா. அங்க லிஜியா கிளார்க்னு ஒரு அம்மா. 1920-ல பிறந்தவுக. 1960-ல அலுமினியத் தகடுகளைக் கீல் வச்சுக் கோத்து, அதுக்குப் பிராணின்னு பேரு வச்சாக. சும்மா பாத்துட்டுப் போறதுக்கு இல்ல, எடுத்து மடக்கணும், விரிக்கணும். ஒரு தகட்டை நீ திருப்புனா, சம்பந்தமில்லாம இன்னொன்னு திரும்பும். நீ நெனைச்ச பக்கம் அது வராது. இது எத்தனை விதமா அசையும்னு கேட்டவுகளுக்கு, எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது, அதுக்குத்தான் தெரியும்ங்கிற கணக்குல பதில் சொன்னாகளாம். அந்தம்மா நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

1966-ல இன்னொன்னு செஞ்சாக. கல்லும் காத்தும், அம்புட்டுத்தான் சாமான். டோக்கியோ போக வேண்டாம், இப்பவே வீட்டுல செஞ்சு பாக்கலாம். ஒரு பாலித்தீன் பையில காத்தை அடைச்சு, வாயை ரப்பர் வளையத்தால இறுக்கு. பையோட மூலையை உள்பக்கமா அமுக்கி, அந்தக் குழியில ஒரு சின்னக் கூழாங்கல்லை வை. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல பையைப் புடிச்சு மெதுவா அமுக்கு, விடு. கல்லு மேல வரும், உள்ள எறங்கும். வேகமா அமுக்குனா துள்ளி விழுந்துரும். அதனால கை தானா மெதுவாகும். கை மெதுவானா மூச்சும் மெதுவாகும். கொஞ்ச நேரத்துல கல்லு அசையிறதா, நீ மூச்சு விடுறதான்னு கணக்குத் தப்பிரும். நானும் உன் தங்கச்சியும் பலசரக்குக் கடைப் பையில இதைச் செஞ்சுக்கிட்டு இருந்தோம். உங்க பாட்டி வந்து பாத்துட்டு, கெழடுக்கும் குட்டிக்கும் புத்தி பெரண்டுருச்சுன்னா. பையை அவ கையில குடுத்தோம். அடுப்புல பால் பொங்குற வரைக்கும் திருப்பித் தரல.

கிளார்க் அம்மா அதோட விடல. 1967-ல முகமூடிக தைச்சாக. மாட்டிக்கிட்டா மூக்குகிட்ட மூலிகை வாசம், காதுகிட்ட ஏதோ ஒரு சத்தம், கண்ணுக்கு வேற விதமா ஒரு பார்வை. 1968-ல கையுறைக. தடிசானது, மெல்லிசானதுன்னு ஒவ்வொன்னா மாட்டிக்கிட்டு, பந்துகளை எடுத்து எடுத்துப் பாக்கணும். கடைசியில கையுறையைக் கழட்டிட்டு வெறுங்கையால எடுக்கணும். இத்தனை வருசமா கூடவே இருந்த சொந்தக் கை அப்பத்தான் புதுசா வந்து சேருமாம். அதே 1968-ல ‘வீடுதான் உடம்பு’ன்னு எட்டு மீட்டர் நீளத்துல ஒரு கூடாரம். உள்ள இருட்டு. பலூன்களை முட்டித் தள்ளிக்கிட்டுப் போகணும். புகுதல், கருமுட்டை உருவாதல், முளைத்தல், வெளியேறுதல்னு கட்டம் கட்டமா நகரணும். ரியோவுலயும் வெனிஸ் கண்காட்சியிலயும் ஜனம் அதுக்குள்ள போயி, ஒரு தடவை பிறந்து வெளிய வந்துச்சு. உங்க ஆத்தா உன்னைப் பெத்தெடுக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதை வரிசையில நின்னு எட்டு மீட்டர்ல முடிச்சுக்கிறது சுளுவுதான்.

1973-ல பாரீஸ்ல மாணவப் பிள்ளைகளை வச்சு இன்னொன்னு. ஒருத்தரைப் படுக்க வச்சு, சுத்தி உக்காந்தவுக வாயில நூல்கண்டை வச்சுக்கிட்டு, எச்சி நனைஞ்ச நூலை இழுத்து இழுத்து அவர் மேல போடணும். உடம்பு பூரா ஈரநூல் வலை. உங்க பாட்டிகிட்ட இதை மட்டும் சொல்லிராத. கேட்டா, கேட்ட காதையே மூணு தண்ணி ஊத்திக் கழுவுவா. பொறவு 1976-ல ரியோவுக்குத் திரும்பி, தன் வீட்டுலயே ஒவ்வொரு ஆளாப் படுக்க வச்சு வைத்தியம் தொடங்கிட்டாக. மணல் தலகாணி, தக்கைக் குருணை அடைச்ச மெத்தை, தண்ணிப் பை, காத்துப் பை, இதெல்லாந்தான் மருந்து. படுத்திருக்கிறவுக கையில ஒரு கல்லைக் குடுத்து வச்சிருப்பாக. மனசு எங்க மேஞ்சாலும் கை மட்டும் இந்த ஒலகத்தைப் புடிச்சுக்கிட்டே இருக்கணுமாம்.

இதெல்லாம் பொழுதுபோகாதவுக செய்யிற வேலைன்னு நெனைச்சியாக்கும்? 1964-ல இருந்து பிரேசில்ல பட்டாள ஆட்சி. 1968 டிசம்பர்ல வந்த ஒரு சட்டம், இருந்த கொஞ்ச நஞ்ச உரிமையையும் பறிச்சிருச்சு. யாரு எங்க கூடணும், எதைப் பேசணும்னு மேல இருந்து உத்தரவு வர்ற காலத்துல, உன் உடம்பு உன்னோடது, அசைச்சுப் பாருன்னு சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல. அந்த வருசந்தான் லிஜியா பாபேன்னு இன்னொரு அம்மா ஒரு பெரிய வெள்ளைத் துணியில வரிசையா ஓட்டை போட்டாக. ஓட்டைக்கு ஒரு தலை. எல்லாரும் சேந்து நடக்கணும். தலை தனித்தனி, சட்டை ஒன்னு. ஒருத்தர் முந்துனா அம்புட்டுப் பேரு கழுத்துலயும் இழுக்கும். ஊரு நடக்கிற சூத்திரத்தை இதை விடச் சுருக்கமா எந்தப் பஞ்சாயத்துலயும் நான் கேட்டதில்ல.

ஹேலியோ ஒய்ட்டிசிகான்னு ஒரு இளந்தாரி. 1937-ல பிறந்து 1980-லயே போயிட்டாரு, பாவம். ரியோவுல மங்கேராங்கிற ஏழைபாழைக குடியிருக்கிற மேட்டுப் பகுதிக்குப் போயி, அந்த ஜனத்தோட சாம்பா ஆட்டம் கத்துக்கிட்டவரு. 1964-ல ‘பராங்கோலே’ன்னு துணி, பிளாஸ்டிக், சாக்கு எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைச்ச மேலாடைகளைச் செய்யத் தொடங்குனாரு. கொடியில தொங்குனா அது வெறுந்துணி. ஒருத்தர் உடுத்தி ஆடுனாத்தான் கலை. 1965-ல ரியோ நவீனக் கலை மியூசியத்துல ஒரு கண்காட்சி. மங்கேரா ஜனத்துக்கு அந்த ஆடையைப் போட்டு, கொட்டு மேளத்தோட கூட்டிக்கிட்டுப் போனாரு. உள்ள ஆட விடல. அவுக வெளிய தோட்டத்துல ஆடினாக. கலையை உள்ள உக்கார வச்சு ஆடுறவனை வாசல்ல நிறுத்துற சாமர்த்தியம் எல்லா ஊர்லயும் உண்டுடே. ஆனா அன்னைக்கு நடந்ததுல பேரு நிலைச்சது வெளிய ஆடுனதுக்குத்தான்.

அதே ஆளு 1969-ல லண்டன் வைட்சேப்பல் கலைக்கூடத்துல ‘ஈடன்’னு ஒன்னு அமைச்சாரு. மணலு, வைக்கோல், கூடாரம், படுத்துக்கிட ஒதுக்குப்புறம். வர்றவுக செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்கணும். நீ டோக்கியோவுல கழட்டப் போற செருப்பு அன்னைக்கே கழண்டுருச்சு.

தொடாதே, தொடாதேன்னே பழக்கி வச்ச ஜனத்தைத் திடீர்னு தொடுன்னா என்ன ஆகும்? 1971-ல லண்டன் டேட் கலைக்கூடத்துல ராபர்ட் மோரிஸ் செஞ்சு காட்டினாரு. மரச் சாய்தளம், கயிறு, உருளை எல்லாம் வச்சு ஏறிக்கோ, எறங்கிக்கோன்னாரு. சட்டையும் டையும் போட்ட பெரிய மனுசங்க அவுத்து விட்ட கன்னுக்குட்டியாட்டம் பாய்ஞ்சு, காயம் பட்டு, மரச் சிராய் ஏறி, ஒரு வாரம் முடியிறதுக்குள்ள இழுத்து மூடிட்டாக. 2009-ல பத்திரமான சாமான் வச்சு மறுபடி நடத்தினாக. உடம்பைப் பூட்டி வைக்கலாம்டே. ஆனா தொறந்து விடுற அன்னைக்குத் தள்ளி நின்னுக்கணும்.

இப்ப உன் படிப்புக்கு ஏத்த பாசையில ஒரு சோதனை. விளக்குமாத்துல இருந்து ரெண்டு ஈர்க்கை உருவு. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புடிச்சு உன் விரல் நுனியில வைக்கச் சொல்லு, நீ பாக்காம இரு. ரெண்டுன்னு சரியாச் சொல்லிருவ. அதே இடைவெளியில முதுகுல வச்சா ஒன்னுன்னு சாதிப்ப. நாலு சென்டிமீட்டர் வரைக்கும் விலக்குனாத்தான் முதுகு ரெண்டுன்னு ஒத்துக்கும். ஜெர்மனிக்காரர் வேபர் 1830-கள்லயே இதை அளந்து எழுதிட்டாரு. ரெண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கொறையத் தோலு இருக்கு ஒரு ஆளுக்கு. அதுல எல்லா எடமும் ஒரே புத்திசாலி இல்ல.

இன்னொன்னு. தோல்ல சில நரம்புக, நொடிக்கு ஒன்னுல இருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்துல மெதுவா வருடுனாத்தான் நல்லா முழிக்கும். பிள்ளையைத் தூங்க வைக்கிற ஆத்தா கை அளவு பாக்காமலே அந்த வேகத்துலதான் போகும். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு மூக்கு நுனியைத் தொடு. தொட்டுட்டியா? கை எங்க இருக்கு, மூக்கு எங்க இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது? தொடுகையையும், உடம்பு எங்க எப்படி நிக்குதுங்கிற உணர்வையும் நரம்புக்குச் சொல்ற புரதங்களைக் கண்டுபுடிச்ச ஆர்டெம் பட்டபூட்டியானுக்கு 2021-ல நோபல் பரிசுல பங்கு குடுத்தாக. அந்த அறிவு உனக்குள்ள ராப்பகலா வேலை பாக்குது, சம்பளம் கேக்கல. நீதான் அதை ஒரு நாள் கூட விசாரிக்கல. கிளார்க் அம்மா பையும் கல்லும் குடுத்தது அதை விசாரிக்கத்தான்.

அப்ப நாத்து நட்ட நான் பெரிய ஞானியான்னு நீ கேக்கலாம். அங்கதான் சூட்சுமம். நடவு நாள்ல கால் குளுந்துச்சா, சேறு எப்படி இருந்துச்சுன்னு என்னைக் கேட்டா, குறுக்கு ஒடிஞ்சதுதான் ஞாபகம் இருக்கு. கூலி சாயங்காலம் வருமாங்கிற கவலைதான் ஞாபகம் இருக்கு. எர்னெஸ்டோ நேட்டோன்னு இன்னொரு ரியோக்காரர், வளைஞ்சு குடுக்கிற நைலான் துணியில மஞ்சள், சீரகம், கிராம்பை அடைச்சு மேல இருந்து தொங்க விடுவாரு. 2009-ல நியூயார்க் பார்க் அவென்யூ ஆர்மரிங்கிற பெரிய கூடத்தையே அப்படி நெறைச்சாரு. ஜனம் உள்ள போயி மோந்து, சாஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு நின்னுச்சு. ஈரோட்டு மண்டியில மஞ்ச மூட்டை தூக்குற ஆளு அதே வாசத்துலதான் தெனமும் மூச்சு விடுதாரு. அவரு கண்ணை மூடி நின்னா மூட்டை கால்ல விழும். மோந்து பாக்க நிதானம் வேணும்டே. வேலை இல்லாத நேரம் ஒன்னை உடம்புக்குன்னு ஒதுக்கிக் குடுக்குறதுதான் இந்தக் கலை. அதை எங்களுக்கு யாரும் குடுக்கல. உனக்குக் கெடைச்சிருக்கு. கெடைச்ச அந்த நேரத்தைக் கொண்டுபோயிப் போன் கண்ணாடியில தேய்க்கிற பாரு, அதுலதான் எனக்கு எரிச்சலே.

மியூசியக்காரகளையும் விட்டுற முடியாது. 2014-ல நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துல கிளார்க் அம்மாவுக்குப் பெரிய கண்காட்சி வச்சாக. அசல் பிராணிக தொடக் கூடாத மேடையில. தொட்டுப் பாக்குறதுக்குப் பக்கத்துல நகல். வெலை எங்கேயோ ஏறிப்போச்சு, கைபட்டாத் தேயும், அவுக கஷ்டம் அவுகளுக்கு. ஆனா தொடுறதுக்குன்னே பிறந்த பிராணியைக் கும்புட வச்சுட்டாகளே! ஒய்ட்டிசிகா வேலைகள்ல ஏராளமானதை 2009-ல அவுக குடும்பத்து வீட்டுல பத்துன தீ தின்னுருச்சு. பெரிய நட்டம்தான். ஆனாலும் பராங்கோலேயை மறுபடி தைச்சு உடுத்தி இன்னைக்கும் ஆடுறாக. சாமான் எரியும், ஆட்டம் எரியாது.

இப்ப கடைசிப் புத்திமதி, கிண்டல் இல்லாம. போன உடனே போனைப் பெட்டியில வச்சுப் பூட்டு. இறுக்கமான ஜீன்ஸ் மாட்டிட்டுப் போகாத, முட்டுக்கு மேல சுருட்ட முடியாம வாசல்ல குத்தவச்சு உக்காந்திருப்ப. தண்ணியில எறங்குனதும் ஓடாத, நில்லு. யாரையும் இடிக்காத ஓரத்துல நின்னு கண்ணை மூடி நூறு எண்ணு. வெளிச்ச மீனு, வெளிச்சப் பூவு எல்லாம் போயிரும். அதுக்கப்புறமும் உன் கால்ல, முதுகுல, காதுல ஏதாவது மிச்சம் இருந்துச்சுன்னா, அதைச் செஞ்சவுக கெட்டிக்காரக, நீ குடுத்த காசு செல்லும். ஒன்னும் மிச்சம் இல்லேன்னா அது பெரிய டிவி, வீட்டுலயே இருக்கு.

திரும்பி வந்ததும் எனக்குப் படம் காட்டாத, என் கண்ணு சரியில்ல. உன் உள்ளங்கால் என்ன சொல்லுச்சுன்னு கேப்பேன். பதில் இல்லேன்னா, அடுத்த கண்காட்சிக்கு வச்சிருக்கிற டிக்கெட் காசை அப்படியே என்கிட்ட குடுத்துரு. வருசம் பூரா வெத்தலைச் செலவுக்கு ஆகும்.